பதினொரு முறை சொன்ன நாய்

எங்கள் நாய் சிரிக்கும் என்று மூன்று மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாயைப் பின்னால் இழுத்து, பல் தெரிய, நாக்கைத் தொங்கவிட்டு அது நிற்கும் படத்தை அலுவலகக் குழுவில் போட்டேன். நாற்பது இதயங்கள் விழுந்தன. அது சிரிக்கவில்லை, பயத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இதயம் போட்ட நாற்பது பேருக்கும் அது தெரியவில்லை என்பதுதான் எனக்கு மிஞ்சிய ஆறுதல்.

நாய் வளர்க்கும் எண்ணம் என்னுடையதில்லை. நாங்கள் குடியேறிய இந்த நாட்டிலேயே பிறந்த என் ஒன்பது வயது மகள் பன்னிரண்டு ஸ்லைடுகள் தயாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் மனைவியையும் சோபாவில் உட்காரவைத்து, நாய் ஏன் அவசியம் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். என் டீமில் எவனும் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அதோட கழிவையெல்லாம் யார் அள்ளுறது?"

அதற்கும் ஒரு ஸ்லைடு இருந்தது. அதில் என் படம் இருந்தது.

கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் காப்பகத்துக்கு ஜூலையில் போனோம். அங்கிருந்த அம்மாள் மாசி என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து, வேலியை டேப் வைத்து அளந்து, கேட்டின் தாழ்ப்பாளை மூன்று முறை ஆட்டிப் பார்த்தார். எனக்கு விசா கொடுத்தவர்கள் என்னைப் பற்றி இவ்வளவு கவலைப்படவில்லை. கடைசியில் ஒரு கறுப்பு நாயைக் கொடுத்தார்கள். நான்கு வயது இருக்கலாம் என்றார்கள். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று மடிந்து தொங்கும். அந்தத் தொங்கும் காதைப் பார்த்துத்தான் மகள் உருகிப்போனாள்.

"இதற்கு முன்னால் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்றார் அந்த அம்மாள். கொடுத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கொடுத்தேன்.

நாய்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. மதுரையில் கல்லூரிக்குப் போகும் வழியில் நான்கு வருடம் நாய்கள் துரத்த சைக்கிள் மிதித்தவன் நான். அந்தத் தகுதியோடு அதன் ஒவ்வொரு அசைவுக்கும் வீட்டில் விளக்கம் கொடுத்தேன். கொட்டாவி விட்டால் தூக்கம். உதட்டை நக்கினால் பசி, உடனே ஒரு பிஸ்கட். கூப்பிடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் திமிர். வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்த்தால் திருட்டு முழி, எதையோ கடித்துக் குதறியிருக்கிறது என்று சோபாவுக்கு அடியில் தேடுவேன். நான் குனிந்து நின்றால் முன்னங்கால் ஒன்றை லேசாகத் தூக்கும். "பாரு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே கை கொடுக்குது!" என்று அந்தக் காலைப் பிடித்துக் குலுக்குவேன். விருந்தினர் வந்தால் மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். அது அடக்கம்.

அப்படி ஓர் அடக்கமான, மரியாதை தெரிந்த, எப்போதும் சிரிக்கும் நாயின் உரிமையாளனாக அக்டோபர் வரை வாழ்ந்தேன்.

அக்டோபரில் மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். சனிக்கிழமை மதியம் பெரியவர்களும் சிறியவர்களுமாகப் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பலூன்கள் வெடித்தன. ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. வெளியே மழை என்பதால் பின்பக்க மரத்தளத்தில் நடக்க வேண்டிய கூத்து முழுவதும் ஹாலுக்குள் நடந்தது. நாய் மேசைக்கு அடியில் இருந்தது. பிறந்தநாள் அதுவுமாக இப்படி ஒளிந்துகொண்டால் எப்படி என்று நான்தான் கழுத்துப்பட்டையைப் பிடித்து நடு ஹாலுக்கு இழுத்து வந்தேன். சென்னைக்காரர் ஒருவரின் ஐந்து வயதுப் பெண் ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் "ஸோ க்யூட்" என்றார்கள். நான் போனை எடுத்து வீடியோ பிடித்தேன். நன்றாக விழவில்லை என்று இன்னொரு முறை கட்டிக்கொள்ளச் சொன்னேன். பிறகு இன்னொரு முறை.

மூன்றாம் முறை நாய் உறுமியது. காற்றில் வாயை ஒரு முறை "டக்" என்று மூடியது. குழந்தையின் மேல் ஒரு பல்கூடப் படவில்லை. ஆனால் குழந்தை வீறிட்டாள், அவள் அம்மா அதைவிட உரக்க வீறிட்டாள், யாரோ கேக்கைத் தட்டிவிட்டார்கள். நான் நாயைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அது சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடுக்கில் நுழைந்துகொண்டது.

குழந்தையின் அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கு எங்க குழந்தை, நாளைக்கு உங்க குழந்தை. திருப்பிக் கொடுத்துடுங்க."

கால் மணி நேரத்தில் வீடு காலியானது. அன்று இரவு மனைவியும் அதையேதான் சொன்னாள். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். "துரதிர்ஷ்டவசமாக" என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டேன். எங்களைப் போன்ற நல்ல குடும்பத்துக்கு ஒரு மோசமான நாய் வந்து சேர்ந்துவிட்டது என்பதுதான் சாராம்சம். புதன்கிழமை கொண்டுவரச் சொல்லிப் பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு வீடு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும். மிருக மருத்துவமனையில் நர்ஸ். சனிக்கிழமை வேலை இருந்ததால் விருந்துக்கு வரமுடியவில்லை. பிள்ளைக்கு ஒரு கதைப் புத்தகமும், எங்களுக்கு ஒரு டப்பா நிறைய வடையும் கொண்டுவந்திருந்தார். மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்ன நடந்தது தம்பி? பிள்ளை ஏன் அழுதிருக்கிறா?"

சொன்னேன். என் பக்க நியாயங்களை முன்னால் வைத்து, நன்றாகவே சொன்னேன். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திடீரென்று பாய்ந்துவிட்டது என்று முடித்தேன்.

"திடீரெண்டோ?" என்றார். "வீடியோ எடுத்தனீங்கள் எல்லே, அதைக் காட்டுங்கோ பாப்பம்."

போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓடவிட்டு, உடனே நிறுத்தினார்.

"இஞ்சை பாருங்கோ. என்ன செய்யுது?"

"கொட்டாவி விடுதுக்கா."

"ஏன்?"

"தூக்கம் வந்திருக்கும்."

"பதினெட்டுப் பேர் கத்துற இடத்திலை, கழுத்தை ஒரு பிள்ளை நெரிச்சுக்கொண்டு நிக்கேக்கை, உங்களுக்கு நித்திரை வருமோ?"

அவர் மறுபடி ஓடவிட்டு நிறுத்தினார். நாய் மூக்கு நுனியை வேகமாக ஒரு முறை நக்கியது. அடுத்த நிறுத்தத்தில் தலையை அந்தப் பக்கம் திருப்பியது. அதற்கடுத்து வெள்ளை விழி. பிறகு முன்னங்கால் தூக்கல், நான் குலுக்கிக் குலுக்கி மகிழ்ந்த அதே கால். காது பின்னால் ஒட்டியது. வால் வயிற்றுக்குக் கீழே போனது. குழந்தை விட்டதும், நனையாத உடம்பை நனைந்ததுபோல் உதறியது. மறுபடி கட்டிக்கொண்டபோது உடம்பு கல்லாகிவிட்டது. வாய் மூடி, மூச்சுகூட நின்றுபோய், அப்படியே. ஒவ்வொன்றுக்கும் அக்கா ஒரு விரலை மடக்கினார். விரல்கள் போதவில்லை.

நடுநடுவே படத்துக்குப் பின்னாலிருந்து என் குரல் கேட்டது. "சிரி! சிரிடா! இங்க பாரு, சிரி!"

"பதினொரு தரம் சொல்லிப்போட்டுது" என்றார் அக்கா. "பன்னிரண்டாம் தரம்தான் உறுமினது. இதுக்கு மேலை அது என்னண்டு சொல்லுறது? கடிதம் எழுதுமோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். பதினாலு வருடத் திருமண வாழ்க்கையில் அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான்.

"உறுமினதுக்கு ஏசினனீங்களோ?" என்று அக்கா கேட்டார்.

"கொஞ்சம்" என்றேன்.

"ரொம்ப" என்று மனைவியும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"இனி ஏசாதேங்கோ. உறுமுறது அதின்ரை கடைசிச் சொல்லு. அதையும் நிப்பாட்டிப் போட்டியளெண்டால், அடுத்தமுறை சொல்லாமல்தான் கடிக்கும். முதல்ல ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ. உடம்பிலை நோ இருக்கிற நாய் பொறுக்காது."

திங்கட்கிழமை காட்டினோம். மருத்துவர் தொங்கும் காதைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே நல்ல சீழ், பல வாரமாக இருக்கும், தொட்டாலே உயிர் போகும் வலி என்றார். மகளை உருகவைத்த காது. குழந்தை மூன்று முறை கன்னத்தை வைத்து அழுத்தியதும் அதே காதுதான். நான் தினமும் பாசத்தோடு பிடித்து ஆட்டியதும் அதைத்தான். வீட்டுக்கு வந்ததும், நாயை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று காப்பகத்துக்கு இன்னொரு மின்னஞ்சல் எழுதினேன். இதில் "துரதிர்ஷ்டவசமாக" இல்லை. அந்த அம்மாள் ஒரே வரியில் பதில் போட்டார். காதுக்கு நல்ல மருந்து வாங்கினீர்களா என்று.

அதன் பிறகு எங்கள் வீடு அக்காவின் ஆட்சிக்குக் கீழ் வந்தது. சலவை அறை மூலையில் பழைய போர்வை போட்டு நாய்க்கு ஓர் இடம் ஒதுக்கினோம். அங்கே அது இருந்தால் யாரும் கூப்பிடக்கூடாது, தொடக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. இந்த வீட்டில் வேறு யாருக்கும் அப்படி ஓர் இடம் கிடையாது என்று மனைவி முணுமுணுத்தாள். வீட்டுக் கடன் கட்டும் எனக்கே கிடையாது என்று நானும் முணுமுணுத்தேன். சாப்பாட்டைக் கிண்ணத்தில் கொட்டாமல் புல்வெளியில் தூவினோம். மூக்கால் தேடித் தேடிச் சாப்பிடுவது அதை அமைதிப்படுத்தும் என்றார் அக்கா. விருந்தாளிகள் குனிந்து மேலே கவியக்கூடாது, பக்கவாட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், அதுவாக வந்தால்தான் உண்டு.

நடைப்பயிற்சியிலும் கை வைத்தார். அதுவரை நான் கையில் கட்டிய வாட்சைப் பார்த்துக்கொண்டு, நாயைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தினம் எட்டாயிரம் அடி நடப்பவன். அது ஒரு கம்பத்தை மோந்து பார்க்க நின்றால் வெடுக்கென்று இழுப்பேன்.

"நடை ஆருக்கு, உங்களுக்கோ நாய்க்கோ?" என்று கேட்டார் அக்கா. "மோந்து பாக்கட்டும். அதுதான் அதுக்குப் பேப்பர் வாசிக்கிறது."

அதிலிருந்து எங்கள் தெருவில் நாற்பது நிமிடத்தில் நான்கு வீட்டைக் கடப்பவன் ஆனேன். பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிக்கு முன்னால் ஏழு நிமிடம் நிற்பது ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருந்தது.

காது ஆறியது. வால் கொஞ்சம் மேலே வந்தது. ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. வார நாட்களில் காலையில் நாய் மூச்சு வாங்கிக்கொண்டு ஹாலில் மேலும் கீழும் நடந்தது. கொட்டாவி, உதடு நக்கல், பிறகு சலவை அறை. சனி, ஞாயிறில் ஒன்றுமில்லை. அக்கா எழுதிவைக்கச் சொன்னார். மனைவிக்கு மருத்துவ ஆய்வகத்தில் வேலை. எழுதிவைப்பது என்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுவதுபோல. குளிர்பெட்டியில் ஒரு தாள் ஒட்டி, மணி, அறிகுறி, அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று கட்டம் போட்டாள். வேலைக்குப் போகும் நாட்களில், நான் அறைக்குள் வீட்டிலிருந்தே அலுவலக வேலையில் மூழ்கியிருப்பேன் என்பதால், மகளின் பழைய டேப்லெட்டை ஹாலில் வைத்துப் படம் பிடித்தாள்.

குப்பை லாரி வரும் சத்தம் என்றேன் நான். லாரி வாரம் ஒருநாள்தான் வருகிறது என்றாள். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுகிறார் என்றேன். மழையில் யாரும் புல் வெட்டுவதில்லை என்றாள். இரண்டாவது வார முடிவில் தாளைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"தினமும் ஒன்பதரைக்கு ஆரம்பிக்குது. பத்தரைக்கு முடியுது. அப்புறம் மறுபடி ரெண்டு மணி."

"ஏதாவது விமானம் போகும்."

"என்னங்க, அது உங்க மீட்டிங் நேரம்."

நான் சிரித்தேன். நான் எவ்வளவு பொறுமையாகப் பேசுபவன் என்பது ஊருக்கே தெரியும் என்றேன். அவள் டேப்லெட்டைத் தட்டினாள். காலியான ஹால், நடுவில் நாய். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் கரகரப்பாக, பிறகு உயர்ந்து, பிறகு மேசையைத் தட்டும் சத்தத்தோடு. பறவை வியாபாரியின் கடையில் நெருப்புப் பிடித்ததுபோல் ஒரு கத்தல். நாயின் காதுகள் பின்னால் ஒட்டின. அது கதவைப் பார்த்தது, உதட்டை நக்கியது, வாலைக் கவட்டில் வைத்துக்கொண்டு சலவை அறைக்குப் போய்விட்டது.

"யாரு அது?" என்று கேட்டேன். உண்மையிலேயே ஒரு நொடி தெரியவில்லை.

மனைவி டேப்லெட்டை அணைத்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஆபீஸ்ல என்ன பிரச்சினை?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதை நான் மூன்று மாதமாகச் சரளமாகச் சொல்லிவந்தேன். அன்று வரவில்லை. ஆகஸ்டிலேயே எங்கள் பிரிவைக் கலைக்கப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. அங்கே அதற்குப் பெயர் "கலந்தாலோசனை". பாதிப் பேர் போக வேண்டும், யார் என்று டிசம்பரில் சொல்வார்கள். அதுவரை எல்லோரும் இரண்டு மடங்கு உழைத்து, மற்றவனைவிட நான் தேவைப்பட்டவன் என்று காட்ட வேண்டும். நான் காட்டிக்கொண்டிருந்தேன். இரவில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தேன், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று வெகு சாமர்த்தியமாக மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஆகஸ்ட்லேர்ந்தா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"உனக்கு எதுக்குக் கவலைன்னுதான்."

"நாய்கிட்ட மட்டும் சொன்னீங்களாக்கும்" என்றாள். பிறகு அழுதாள். பிறகு நானும். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் தனியாக விடுவதே நல்லது என்று தீர்மானித்துக் கதவை மெதுவாகச் சாத்தினாள். அவளுக்கு விதிமுறைகள் அத்துப்படி.

அடுத்த நாளிலிருந்து மீட்டிங்குகளைக் காருக்குள் உட்கார்ந்து பேசினேன். மடியில் லேப்டாப்போடு டிரைவ்வேயில் நின்ற காருக்குள் ஒருவன் கைகளை வீசிக் கத்துவதைப் பார்த்துத் தபால்காரப் பெண் ஒருநாள் கண்ணாடியைத் தட்டி, எல்லாம் சரிதானா என்று கேட்டாள். அதற்குப் பிறகு கத்துவது தானாகக் குறைந்தது. நாய்க்கு ஒன்பதரை மணி என்பது சாதாரண ஒன்பதரை மணியாக மாறியது.

டிசம்பரில் என் பெயர் பட்டியலில் இருந்தது. இரண்டு மடங்கு உழைத்ததற்கு நன்றி என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். மனைவியின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. நாய்க்கு வாழ்க்கையிலேயே பொற்காலம் அதுதான். நான் விண்ணப்பங்கள் எழுதும்போது என் பாதத்தின் மேல் தலையை வைத்துக் குறட்டை விட்டது. உலகத்தில் என் வேலை போனதால் உடல்நலம் தேறிய ஒரே ஜீவன் அது.

அந்த நாட்களில் ஒரு மதியம் சென்னைக்காரர் தன் மகளோடு வந்தார். மனைவி போனில் பேசி வரவழைத்திருந்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். என் மகள் சின்னவளைப் புல்வெளியில் பக்கவாட்டில் உட்காரவைத்து, கையில் கோழித் துண்டுகளைக் கொடுத்து, தொடாதே, பார்க்காதே, சற்றுத் தள்ளிப் போடு என்று போலீஸ்காரிபோல் உத்தரவிட்டாள். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாய் ஒரு வட்டமடித்து வந்து துண்டுகளைச் சாப்பிட்டுவிட்டு, குழந்தையின் முழங்காலுக்கு ஒரு முழ தூரத்தில் படுத்துக்கொண்டது. குழந்தை நாயிடம் கிசுகிசுப்பாக மன்னிப்புக் கேட்டாள்.

"அவ்ளோதானா? கட்டிப்பிடிக்கக் கூடாதா?" என்றார் அவள் அப்பா, ஏமாற்றத்தோடு.

"உங்களை யாராவது பார்த்தவுடனே கட்டிப்பிடிச்சா பிடிக்குமா அங்கிள்?" என்று என் மகள் அரிதாகத் தமிழிலேயே கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, பிடிக்காது என்று ஒப்புக்கொண்டார்.

மார்ச்சில், நகரத்தின் மறுகோடியில் மங்கரே என்ற இடத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பழைய பதவியைவிட இரண்டு படி கீழே, வீட்டிலிருந்து நெரிசலில் ஒரு மணி நேரம். வேலையில் சேர்வதற்கு முன்னால், நான் இல்லாமல் இருக்க நாயைப் பழக்க வேண்டும் என்றார் அக்கா. சாவியை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஷூ போட்டுவிட்டுக் கழற்றினேன். வெளியே போய் ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தேன், பிறகு ஐந்து நிமிடம், பிறகு தெருமுனையில் இருக்கும், டெய்ரி என்று இங்கே சொல்லும் சின்னக் கடை வரை போய் ஒன்றும் வாங்காமல் வந்தேன். நான்காவது நாள் கடைக்காரர் என்னை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கியதால் ஒரு பால் பாட்டில் வாங்கினேன். பத்து நாளில், நான் போனதும் கதவருகே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போர்வையில் போய்ப் படுத்துக்கொள்ளப் பழகியது. என்னைப் பிரிந்து அவ்வளவு சீக்கிரம் தேறியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது மாலையில் வேலையிலிருந்து வந்ததும், மகளோடு சேர்ந்து நாயைப் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன். போன வாரம் ஒருவர் நேராக வந்து, தனக்கு நாய்கள் என்றால் உயிர், எல்லா நாய்க்கும் தன்னைப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே குனிந்து கையை நீட்டினார். நான் நடுவில் போய் நின்றேன்.

"வேண்டாம், தொடாதீர்கள்" என்றேன் ஆங்கிலத்தில்.

"ஏன், கடிக்குமா?"

"கடிக்காது. அதற்கு இஷ்டமில்லை."

இப்படி ஒரு திமிர் பிடித்த ஆளை இதுவரை பார்த்ததில்லை என்பதுபோல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். நாய் அதற்குள் ஒரு புதருக்குள் பாதி உடம்பை நுழைத்து எதையோ மும்முரமாக மோந்துகொண்டிருந்தது. கயிற்றைத் தளர்த்திவிட்டு, மகளும் நானும் அது வரும்வரை நின்றோம்.